ஆற்றுக்குக் கிழக்கே ஓர் எல் போர்டு

ஜூன் 10, திங்கள்

காலையில் இரண்டு டிரைவிங் வகுப்பு. ரயில்வே குவார்ட்டர்ஸ் கிளார்க் இன்னும் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டிருக்கிறார். பல் டாக்டரம்மா பரவாயில்லை. ஆனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்து எனக்கே பல் வலித்தது.

மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் விட்டிருக்கிறது. சனிக்கிழமை உடம்பு கொதித்து, ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சிக்குச் சொல்லியிருக்கிறாள். வருகிறேன் என்றவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் கழன்றுகொண்டார்கள். "ஆத்துக்கு அந்தப் பக்கமா? வர்றதில்லம்மா." எங்களுக்கு எப்போதும் நடப்பதுதான். நான் அன்றைக்குப் பார்த்து இவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தொலைந்திருந்தேன். கடைசியில் கோடவுன் தெரு லாரிக்காரர் ஒருவர் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன், "லோடு எறக்குறது பின் வாசல்ல" என்றாராம். அக்கா சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை.

அக்கா மகனும் வந்திருந்தான். ஆற்றுக்கு மேற்கே, பதினோராவது மாடியில் வீடு. "ஒரு டாக்சிகூட வராத இடத்துல அம்மா எதுக்கு சித்தி தனியா இருக்கணும்? வருஷக் கடைசில வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாசலில் அத்தானுடைய கார் உறை போட்டு நிற்கிறது. அத்தான் தவறிப்போய் ஒரு வருஷமாக அப்படியேதான் நிற்கிறது.

"எவனும் வர வேணாம். உங்கம்மாவே ஓட்டுவா" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "அம்மா லைசென்ஸ் வாங்கட்டும் சித்தி. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"வாங்குவா."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, கத்துக்குறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூன் 12, புதன்

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க அக்கா எங்க இருக்கணும்னு ஆசப்படுறாங்க?" என்று கேட்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா? பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம். வேறு எங்கே இருக்க ஆசைப்படுவாள்?

ஜூன் 16, ஞாயிறு

முதல் வகுப்பு, பழைய மில் மைதானத்தில். கிளட்சை மெதுவாக விடு, மெதுவாக விடு என்று தொண்டை வறளக் கத்தினேன். வண்டி தவளை மாதிரி நான்கு குதி குதித்து நின்றது. "ஏண்டி குதிக்குது?" என்று என்னைக் கேட்கிறாள். நானா குதிக்க வைக்கிறேன்?

பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைதானத்தை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். "நீங்க வெளையாடுங்கப்பா, நாங்க ஓரமா ஓட்டுறோம்" என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை.

ஜூலை 3, புதன்

மழை. வகுப்பு எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். தெருப் பெயர் கேட்டால் எனக்குத் தடுமாறும். எந்தத் தெருவில் எதைப் பழகலாம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மில் லைனில் கிளட்ச் பழகலாம். அங்கே நடைபாதை என்பது செடி வைக்கவும் நாற்காலி போடவும்தான், மனிதர்கள் நடுரோட்டில் நடப்பார்கள். ஹார்ன் அடித்தால் திரும்பி நின்று நலம் விசாரிப்பார்கள். கோடவுன் தெருவில் பொறுமை பழகலாம். ஒரு லாரி உள்ளே நுழைந்து முடிப்பதற்குள் இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாம் நேர்க்கோடு. அங்கே குடியிருப்பவர்கள் வேகத்தடை இல்லாத இடத்தில்கூட வேகத்தைக் குறைப்பார்கள், வேலைப் புத்தி. பிஸ்கட் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பதினோரு மணிக்கு வெண்ணெய் மணக்கும். காற்று திசை மாறினால் தோல் கிடங்கு. அப்போது கார்க் கண்ணாடியை ஏற்றப் பழகலாம்.

ஆற்றோரத்தில் புதிதாக முளைத்திருக்கும் அடுக்குமாடிக்காரர்களிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பாலத்துக்குப் பக்கத்துல" என்பார்கள். பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் வாயிலிருந்து வராது.

மேற்கே இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுதான். 'அந்தப் பக்கம்', தீர்ந்தது கதை. நாங்களும் அவர்களை அப்படித்தான் சொல்கிறோம், அது வேறு விஷயம்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அக்காவைக் கீழ்ப்பாலத்துக்குக் கூட்டிப் போனேன்.

ரயில் பாதை எங்கள் பக்கத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அதைத் தாண்ட இருக்கிற ஒரே வழி அந்தக் கீழ்ப்பாலம். ஒரு வண்டி போகிற அகலம். சிக்னலும் கிடையாது, போலீசும் கிடையாது. இங்கிருந்து மூன்று வண்டி போகும், அப்புறம் அங்கிருந்து மூன்று வண்டி வரும். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. என்ன தலைபோகிற அவசரமாக இருந்தாலும் நான்காவதாக ஒருத்தன் நுழைய மாட்டான். நுழைந்தால் இந்த முனையில் இருக்கும் சலூன்காரரின் வாயில் விழுந்து எழுந்துதான் போக வேண்டும்.

எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். சலூன்காரர் அக்காவைப் பார்த்துவிட்டார். கையில் சீப்போடு வெளியே வந்து, "அம்மா வண்டிப்பா, முதல்ல அவங்கள விடுங்க" என்று முன்னால் நின்றவர்களை ஓரங்கட்டினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர்ப் பக்கமும் அப்படியே நின்றது. அத்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். பாதி வீடுகளில் குழாயைத் திறக்கும்போது அவரை நினைத்துக்கொள்வார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் இடம் ஆற்றுக்கு மேற்கே உண்டா? சொல்லட்டும் பார்ப்போம்.

"நாம அஞ்சாவதுதானே?" என்றாள் அக்கா.

"அதான் விடுறாங்கல்ல, போ."

முதல் கியரிலேயே அந்த முனைவரை போனாள். அதற்கப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பேச மாட்டார்கள். கவனமெல்லாம் ரோட்டில் இருக்கும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு பூந்தொட்டியை ஒழித்தாள். நல்லவேளை, அவளுடைய பூந்தொட்டிதான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அக்கா மகன் போனில் ஓர் அறையின் படத்தைக் காட்டினான். அக்காவுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறானாம். ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் புகையாகத் தெரிகிறோம். "காத்து நல்லா வரும் சித்தி" என்றான். "எங்களுக்கு மட்டும் என்ன, காத்து வராமலா மூச்சு விடுறோம்?" என்று கேட்டேன். கொஞ்சம் அதிகம்தான். குழந்தையாக என் இடுப்பில் கிடந்தவன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அக்கா அந்தப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடாததால் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

தோற்றுவிட்டாள்.

டெஸ்ட் எடுக்கும் அலுவலகம் மேற்கேதான் இருக்கிறது. நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான், எரிச்சலைக் காட்டாமல் சொன்னார். மேம்பாலத்துக்குக் கீழே ரோடு ஒடுங்குகிற இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. அக்கா வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"எதிர்ல மூணு வண்டி நிக்குது சார். அவங்க வந்துரட்டும்."

எதிரில் நிற்பவர்களுக்குச் சிவப்பு. அவர்கள் எப்படி வருவார்கள்? இவள் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, "வாங்க, வாங்க" என்று வேறு கூப்பிட்டிருக்கிறாள். பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்து மேம்பாலத்தையே கிடுகிடுக்க வைத்துவிட்டார்களாம். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றவங்க எல்லாம் இதே எடத்துலதான் மாட்டுறாங்க" என்றார் அதிகாரி.

எனக்குத் தெரியாதா அது? என்னிடம் படிக்கிறவர்கள் தோற்கிற இடமே அதுதான். அதற்காகவே டெஸ்டுக்கு முன்னால் எல்லோரையும் மேற்கே கூட்டிப் போய் ஒரு வாரம் ஓட்ட வைப்பேன். கிளார்க்கைக் கூட்டிப் போனேன். பல் டாக்டரம்மாவைக் கூட்டிப் போனேன். அக்காவை மட்டும் கூட்டிப் போகவில்லை.

ஏன்? நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரமா இல்லை?

செப்டம்பர் 13, வெள்ளி

அக்கா மகன் போன் பண்ணினான். "பரவால்ல சித்தி, அம்மா முயற்சி பண்ணாங்களே." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நவம்பரில் இன்னொரு டெஸ்டுக்குப் பதிந்துவிட்டேன். இவர், "யாருக்கு இந்த டெஸ்ட்?" என்றார். சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒரு வாரமாக மேற்கே ஓட்டுகிறோம். மேற்கே ஓட்டுவது சுலபம், அதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. ரோடு அகலம், மரங்கள் வரிசையாக நிற்கின்றன, மனிதர்கள் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பச்சை என்றால் போகிறார்கள், சிவப்பு என்றால் நிற்கிறார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. "வழி விடாத. உனக்குப் பச்சைன்னா போய்க்கிட்டே இரு. எவன் வந்தாலும் உனக்கென்ன?" என்று என் வாயாலேயே சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது நாக்கு கசக்கிறது.

அக்கா டக்கென்று பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று ஆற்றோரப் பூங்காவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். காபி வாங்கி வருகிறேன் என்று போனவள் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், நீளமான வரிசையின் வாலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முன்னால் காதில் ஒயர் மாட்டிய கல்லூரிப் பெண், பின்னால் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். திரும்பி வந்து, "வரிசைல நின்னு வாங்குனேன்" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. காபிக்கு வரிசையில் நின்றதில் சொல்ல என்ன இருக்கிறது?

"ஒருத்தரும் என்னைப் பாக்கலடி" என்றாள்.

"ஆமா, மனுஷன மனுஷன் பாக்காத ஊரு" என்றேன். அவள் காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று கீழ்ப்பாலத்தில் மானம் போயிற்று.

எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். வழக்கம்போல் சலூன்காரர் வெளியே வந்தார், வழக்கம்போல் முன்னால் நின்றவர்கள் ஓரங்கட்டினார்கள். அக்கா எஞ்சினை அணைத்துவிட்டாள். சாவியையும் உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க போங்கம்மா" என்றார் சலூன்காரர்.

"என் மொறை வரும்போது போறேன்."

"அட, யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்கம்மா."

"நான் நினைப்பேன்."

முன்னால் இருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து கும்பிட்டார். அம்மா நிற்கும்போது நான் எப்படிப் போவேன் என்றார். எதிர் முனையில் அக்காவுக்காக நின்றவர்களும் நகரவில்லை. போக வழி இருக்கிறது, போகச் சொல்ல ஆள் இருக்கிறது, ஒரு வண்டி அசையவில்லை. மரியாதை கொடுத்தே கிழக்குப் பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டுவிட்டது. கடைசியில் பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர், "யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்கப்பா!" என்று கத்திய பிறகுதான் ஆட்டோ நகர்ந்தது. அக்கா முறைப்படி எதிர் வண்டிகளை விட்டு, தன் இடத்தில் போனாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. "அன்பா விடுறாங்க, அதுக்கு இப்படியா மொகத்துல அடிப்ப?" என்று கேட்டேன்.

"உனக்குப் புரியாதுடி."

எனக்கா புரியாது? இந்தப் பக்கத்தை எனக்குத் தெரியாதா?

நவம்பர் 7, வியாழன்

பாஸ்! மேம்பாலத்துக்குக் கீழே பச்சையில் சும்மா பறந்திருக்கிறாள். அதிகாரியே சிரித்தார். நான் அலுவலக வாசலில் அழுதேன், வெட்கம் கெட்டுப்போய். அக்கா மகனுக்கு நானே போன் பண்ணி, "இனிமே வாயத் தொறக்கக் கூடாது தெரியும்ல?" என்றேன். "சத்தியமா மாட்டேன் சித்தி" என்றான். அவனுக்கும் சந்தோஷம்தான், குரலிலேயே தெரிந்தது.

அக்கா இங்கேயே இருப்பாள். என் அக்கா இங்கேயே இருப்பாள்.

நவம்பர் 8, வெள்ளி

மனசு ஆறவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அத்தானுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். யாருக்கும் இல்லை, கொண்டு போகிறேன் என்றாள்.

"எங்க கொண்டு போற?"

"அவன் வீட்டுக்கு. இந்த மாசக் கடைசில வரேன்னு நேத்து ராத்திரி சொல்லிட்டேன்."

"என்ன சொல்ற? லைசென்ஸ்தான் வாங்கிட்டியே! அவன் இனிமே கூப்பிட மாட்டான்."

"அவன் கூப்பிடலடி. நான் போறேன்."

"அப்புறம் எதுக்குடி வண்டி கத்துக்கிட்ட?" அக்காவை 'டி' போட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"அங்க போயி, எங்கயாவது போகணும்னா அவன் எப்ப வருவான்னு வாசலப் பாத்து உக்காந்திருக்கவா? நானா வரணும், நானா போகணும். அதுக்குத்தான் கத்துக்கிட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை போடுகிற குரலில் அவள் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கடைக்குப் போனா எனக்குத்தான் மொதல்ல குடுத்து அனுப்புறாங்க. பஸ்ல நாலு பேர் எந்திரிக்கிறாங்க. என்னைப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டு இருக்கறவங்க சிரிப்ப நிறுத்திடுறாங்க, நீ பாத்திருக்கியா? எல்லாரும் நல்லவங்கதான். நான் இல்லைங்கல. ஆனா இந்தப் பக்கம் பூரா நான் அவரு போன பொம்பளயாதான் இருக்கேன். வரிசைல நிக்கக்கூட விட மாட்டேங்கிறாங்கடி. அங்க நான் யாரோ ஒருத்தி."

"அப்ப நான்?" என்றேன். "என்னை விட்டுட்டுப் போறியே."

"நீ ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா?"

கேக்கல. கேக்கவே இல்ல. இவரு கேட்டாரு, நான் தட்ட நங்குன்னு வெச்சேன். அவ இங்க இருக்கணும்னு நெனச்சது அவளா, நானா? நான்தான். அவ இல்லாம எனக்கு இந்தப் பக்கத்துல யாரு இருக்கா? அத வாயத் தொறந்து சொல்ல முடியாம, டாக்சி, லைசென்ஸ், மகன், மேற்கு, கிழக்குன்னு ஊர் நியாயம் பேசிட்டிருந்தேன். அஞ்சு மாசம்.

இனிப்பு அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

போய்விட்டாள். வேன் முன்னால் போயிற்று, அக்கா காரில் பின்னால் போனாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தெருவே வந்து நின்றது. பெட்டிகளை அவள் தொடவே இல்லை, யாரும் தொட விடவில்லை. அவளை நான் கட்டிக்கொண்டேன். அழமாட்டேன் என்று இவரிடம் சொல்லியிருந்தேன். ஏதோ, பாதி காப்பாற்றினேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

சலூன்காரர் வண்டி ஜன்னலில் குனிந்து, "நாங்க ஏதும் தப்பா நடந்துக்கிட்டோமா?" என்று கேட்டார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தாராம். இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடம் எப்படிச் சொல்வது? இவ்வளவு நல்ல மனிதரிடம்?

ஜனவரி 9, வியாழன்

ஆற்றோர அடுக்குமாடியிலிருந்து புதிதாக ஒரு அம்மா வகுப்புக்கு வருகிறார். மகள்தான் சேர்த்துவிட்டாள். முதல் நாளே, "நீங்க எதுக்கும்மா கத்துக்க நினைக்கிறீங்க?" என்று அவரிடமே கேட்டேன். பாவம், விழித்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். தனியாக, பாலம் தாண்டி ஓட்டிக்கொண்டு.

தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அங்க ஒருத்தியோட பெரிய சண்டடி" என்று ஆரம்பித்தாள். கீழ் மாடிக்காரி இவளுடைய இடத்தில் வண்டியை விட்டுவிட்டாளாம். இவள் போய்க் கதவைத் தட்ட, அவள் "உங்க எடம்னு பேரா எழுதியிருக்கு?" என்று கேட்க, இவள் பதிலுக்கு ஏதோ சொல்ல, வாட்ச்மேன் வந்து விலக்கும்படி ஆகிவிட்டதாம். இரண்டு பேர் குரலையும் மாற்றி மாற்றிப் பேசிக்காட்டினாள். அத்தான் போனதிலிருந்து அவளிடம் என்னைத் தவிர யாரும் குரலை உயர்த்தியதில்லை. இவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்துப் பார்த்து! எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வலிக்கவும் செய்தது, இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

நான்கு மணிக்கு, "கிளம்புறேன்டி, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

எங்கள் தெருவில் கார் திரும்பாது. முனைவரை பின்னாலேயேதான் எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றிருந்தன. நான் பின்னால் போய் நின்றுகொண்டு, வா, வா, இன்னும் வா என்று கையைக் காட்டினேன். அக்கா என் கையைப் பார்க்கவே இல்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, நடுக் கண்ணாடி. அவசரமே இல்லாமல், எதிலும் உரசாமல் வந்துகொண்டிருந்தாள். அதுதான் சரி. வெளியே நிற்கிறவர்களின் கையை நம்பாதீர்கள், உங்கள் கண்ணாடியைப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கையை இறக்கிக்கொண்டேன்.